எட்டுக் கோடும் மாமியின் மண்டையிடியும்

அந்தக் கண்ணாடிச் சிரிஞ்சின் மேல் இருபது கோடுகள் இருந்தன. மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள். காலைத் தொழுகை முடிந்ததும் என் முதல் வேலை, சிரிஞ்சையும் ஊசியையும் ஓர் அலுமினியக் கிண்ணத்தில் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பது. ஆறியதும் ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து, மருந்தை எட்டாவது கோடு வரை இழுப்பேன். ஒன்பதும் ஆகாது, ஏழும் ஆகாது. என் மாமியாருக்கு ஊசி போட்ட அந்த நாட்களில் என் கை ஒருபோதும் நடுங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவள் நான். கீழே தோல் பட்டறை, மேலே பலகைத் தளம் போட்ட எங்கள் வீடு. பட்டறையில் பெல்ட்டும் பையும் தைக்கிற ஏழு பேருக்கும் எங்கள் அடுப்பில்தான் சமையல். மாமிக்குச் சீனி வியாதி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் யாருக்கும் அடங்காதவர். அவருக்கு வந்த வியாதியும் மாத்திரைக்கு அடங்கவில்லை. தவாகானா என்று நாங்கள் சொல்கிற தெருமுனை ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் தினமும் வந்து இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போவார். அவர் வேலையை விட்டுப் போகும்போது எனக்குக் கற்றுக் கொடுத்தார். கற்றுக் கொடுத்தது என்றால், கொதிக்க வைப்பது, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றுவது, எட்டுக் கோடு இழுப்பது, அவ்வளவுதான். பாட்டிலின் மேல் எழுதியிருக்கிற எண் எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யூனிட் என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. “இன்னைக்குக் கோடு போட்டாச்சா?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். பிறவியிலேயே எனக்குச் சந்தேக புத்தி. ரேஷன் கடைத் தராசின் அடியில் குனிந்து பார்ப்பேன். பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பேன். “ஒனக்குப் போலீஸ்ல வேல போட்டுக் குடுத்திருக்கணும்” என்பார் என் வீட்டுக்காரர்.

ஒரு முறை மருந்துக் கடையில் வேறு மாதிரி பாட்டில் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் அதேதான், லேபிளின் நிறம் மட்டும் வேறு. டூப்ளிகேட் சரக்கு என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். கடை வாசலிலேயே நின்று சத்தம் போட்டேன். கடைக்காரர் சலித்துக்கொள்ளாமல், “ஏக் ஹீ தவா ஹை, பஹன். யே ஜாஸ்தி தின் சலேகா” என்றார். மருந்து ஒன்றுதான், இது அதிக நாளைக்கு வரும் என்று அர்த்தம். அரை மனதோடு வாங்கி வந்தேன். ஆனால் அந்தப் பாட்டில் எப்போதும் போல இருபத்தைந்து நாளில் காலியாகிவிட்டது. பார்த்தாயா, புளுகியிருக்கிறான் என்று எனக்குள் ஒரே திருப்தி. அதே அளவுப் பாட்டில் எப்படி அதிக நாளைக்கு வரும், அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்காமல் மறுபடியும் அதையே வாங்கி வந்தேன்.

அந்த நாட்களில்தான் மாமிக்கு மண்டையிடி ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் தலைவலிக்கு அதுதான் பெயர். ஏழு மணிக்கு ஊசி, அதற்குப் பிறகு ஒரு டீயும் ஒரு பாவ் ரொட்டியும். பட்டறை ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமி சோற்றில் கை வைப்பார். வேலை செய்கிறவன் பசியோடு இருக்கும்போது முதலாளி வீட்டுப் பொம்பளை சாப்பிடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். பதினொரு மணி வாக்கில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்காருவார். முகம் வெளிறிவிடும். முந்தானை நனைகிற அளவுக்கு வேர்க்கும். கை நடுங்கும். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனால், ஒன்றுமே நடக்காதது போல வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்.

நான் இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் சீனி வந்து வெகுநாளாகிறது. தலை வலித்தால் விரலில் குத்தி மிஷினில் பார்த்துவிடுகிறேன். சீனி இறங்கினாலும் தலை வலிக்கும், ரொம்ப ஏறினாலும் வலிக்கும், பிரஷரானாலும் வலிக்கும், கண்ணாலும் வலிக்கும், ஒன்றுமில்லாமலும் வலிக்கும் என்கிறார் இங்கே உள்ள டாக்டரம்மா. எதுவென்று பார்க்காமல் மாத்திரையை முழுங்கக் கூடாது என்று அதட்டுகிறார். அன்றைக்கு வீட்டில் அப்படி மிஷின் ஏது? கண்ணாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் மாமியைத் தாதருக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டும் மண்டை இடித்தது. தோல் நாற்றமாக இருக்கும் என்று பட்டறைப் பக்க ஜன்னலை அடைத்தோம். வெக்கை கூடியதுதான் மிச்சம்.

மாமிக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. காரணம் நான்தான் என்று அவர் முதலிலேயே முடிவு செய்திருந்தார். தண்ணீர்க் குழாயடியில், எதிர் வீட்டில், பட்டறைக்கு வந்து போகிறவர்களிடம், எல்லாரிடமும் சொன்னார். “கம்பவுண்டர் போட்டப்போ இந்த மண்டையிடி இருந்துச்சா? இவ கைய வச்ச பொறவுதான வந்துச்சு. ஊசில என்னத்தயோ கலக்குதா.” நான் கை வைத்து நாலு மாதம் ஒரு தொல்லையும் இல்லாமல் போனதை அவர் மறந்துவிட்டார். யாரும் அவரை நம்பவில்லை. மாமியார் மருமகள் சண்டை என்று சிரித்துக்கொண்டு போனார்கள். “உம்மா, அவ எதுக்கு கலக்கப் போறா?” என்று என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அழுத கையோடு, இந்தப் பொம்பளை நடிக்கிறாள் என்று நானும் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன்.

நான் நினைத்ததற்கு ஏற்ற மாதிரி ஒரு நாள் தடயமும் கிடைத்தது. மாமியின் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்தபோது அடித்தட்டில் துணியில் சுற்றிய கருப்பட்டித் துண்டுகள் இருந்தன. அதற்குப் பிறகு கதவிடுக்கில் நின்று கவனித்தேன். பதினொரு மணிக்கு மண்டையிடி வரும். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் ஒரு துண்டு வாய்க்குள் போகும். கால் மணி நேரத்தில் மண்டையிடி போய்விடும்! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. கருப்பட்டி தின்ன ஒரு சாக்கு, அந்தச் சாக்குக்குப் பெயர் மண்டையிடி. மறுநாள் மாமியின் சிறுநீரை, தவாகானாவில் கொடுத்திருந்த நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். நீலமாகவே நின்றால் சீனி இல்லை, பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போக அதிகம் என்று கணக்கு. மஞ்சளாகத் திரும்பியது. அந்தக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே இறங்கி, தையல்காரர்கள் ஏழு பேர் முன்னால் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

மாமி தலை குனிந்து நின்றதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். “அதத் தின்னா கொஞ்சம் தேவலயா இருக்குல” என்று மகனிடம் சொன்னார். கருப்பட்டி, சீனி டப்பா, ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாய் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பூட்டிய மூன்றாம் நாள். என் வீட்டுக்காரர் சரக்கு விஷயமாகக் கல்யாண் ஊருக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மருமகளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், “ஏட்டி, ஒரு துண்டு தாயேன்” என்றார். குரல் குழறியது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னைக்குக் கெடையாது மாமி. டாக்டர்ட்ட யாரு பதில் சொல்லுதது?” என்றேன். கொஞ்ச நேரத்தில், செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். பலகைத் தளத்தில் அவர் விழுந்த சத்தம் கேட்டுத்தான் கஞ்சிப் பானையைக் கீழே வைத்தேன்.

கை வண்டியிலிருந்து தோல் கட்டுகளை இறக்கிவிட்டு, பட்டறை ஆட்கள் மாமியை அதில் படுக்க வைத்துத் தவாகானாவுக்குத் தள்ளினார்கள். நான் கூடவே ஓடினேன். தவாகானா டாக்டர் மாட்டுங்காவில் இருக்கிற தமிழர், அதிகம் பேசமாட்டார். என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டார். “எட்டுக் கோடு டாக்டர், கூடவும் இல்ல, கொறையவும் இல்ல” என்றேன். பெரிய சிரிஞ்சில் குளுக்கோஸை நரம்பில் மெதுவாக ஏற்றிக்கொண்டே, பாட்டிலை எடுத்துவரச் சொல்லி ஓர் ஆளை அனுப்பினார். பாதி ஏறுவதற்குள் மாமி கண்ணைத் திறந்தார். “ஆளுகளுக்குச் சோறு போட்டாச்சா?” என்று கேட்டார்.

பாட்டில் வந்தது. டாக்டர் லேபிளைப் பார்த்தார், என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். “இதுக்கு முன்னாடி வாங்கினது நாப்பது. இது எண்பதும்மா. ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பங்கு மருந்து இருக்கு. நாலு கோடுதான் போட்டிருக்கணும். நீ எத்தனை நாளா எட்டு போடறே?” இரண்டு மாதம் என்றேன். அவர் திட்டவில்லை. “அதான் தலைவலி, வேர்வை, நடுக்கம் எல்லாம். அந்த நேரத்திலே ஒரு துண்டு வெல்லம் வாயிலே போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. வீட்டிலே சக்கரை இல்லையா?” என்று கேட்டார். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. மாமியின் உடம்பு தனக்கு வேண்டிய மருந்தைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

“வீட்டிலே சொல்லிடு” என்றார் டாக்டர். சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அதற்குள் பட்டறை ஆட்கள் கதையைப் பரப்பிவிட்டார்கள். மருமகள் தலையில் துணிகூட நிற்காமல் வண்டிக்குப் பின்னால் ஓடியதால்தான் கிழவி பிழைத்தது என்று எல்லாரும் பேசினார்கள். சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், மாமி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஒன்னப் போயி சந்தேகப்பட்டேனே. அல்லாட்ட தவ்பா செஞ்சு மன்னிப்பு கேட்டுட்டேன், நீயும் மனசுல வைக்காதட்டி” என்றார். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கியது அதற்குத்தான். வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாலு கோடாகக் குறைத்துவிட்டு, மண்டையிடி தானாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு முழுவதும் நான் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலை நாலு கோடு இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மாமி எந்தக் கேள்வியும் இல்லாமல் கையை நீட்டினார், பார்வைகூட என் பக்கம் இல்லை. இரண்டு மாதமாக என்னைத் திருடியைப் போலப் பார்த்தவர் அப்படி நம்பி நீட்டியதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாட்டில், எண்பது, எட்டுக் கோடு, கருப்பட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு சொன்னார். “ரெண்டு மாசமா ஊரெல்லாம் சொன்னேன், இவ கைதான்னு. ஒருத்தரும் கேக்கல. கடசில நான் சொன்னதே பாவம்னு தவ்பா வேற செஞ்சுட்டேன்.” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அழாத. அழுதா கை ஆடும்” என்றார். “மொதல்ல அந்தச் சாவியத் தா.”

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். “இப்ப அதக் காட்டு. சத்தமா எண்ணு.” ஜன்னல் வெளிச்சத்தில் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணினேன். தாதரில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் ஒரு முறை எண்ணிப் பார்த்தார். பாட்டிலில் எழுதியிருந்த எண்ணையும் பார்த்தார். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

அவர் மௌத்தாகிக் கண் மூடும்வரை பதினோரு வருஷம் அப்படித்தான். நோன்பு, பெருநாள், விருந்தாளி யார் இருந்தாலும் சரி, நான் எண்ணி, அவர் எண்ணிய பிறகுதான் ஊசி. “இத்தன வருஷம் ஆகியும் உம்மாவுக்கு ஒன்மேல நம்பிக்கை வரலியே” என்று என் வீட்டுக்காரர் என்னிடம் வருத்தப்படுவார். அது ஏன் என்று மாமியும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.