பால் ஓடிய பக்கம்

புகார்ப் படிவத்தில் யோகேஸ்வரியைப் பற்றி எழுத்தர் இப்படி எழுதியிருக்கிறார்: "வயது அறுபத்தொன்று. இல்லத்தரசி. கட்டுமான விவரம் தெரியாதவர். விசாரணைக்கு உறவினர் உடன் வருவது நல்லது." இருபத்தாறு ஆண்டுகள் எல்லைக்கு இப்பால் உள்ள தம்போயிலிருந்து விடியுமுன் பஸ் ஏறிப் போய், சிங்கப்பூர் தொழிற்சாலையில் பிசகான மின்சுற்றுப் பலகைகளைப் பொறுக்கித் திருப்பி அனுப்பியவர் அவர். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புகார் சமையலறை பற்றியது. பின்பக்கம் இழுத்துக் கட்டும் வேலையைச் சாஆ என்ற ஊர்க்காரரான காண்ட்ராக்டர் சபாபதியிடம் கொடுத்திருந்தார். ஒப்பந்தத் தாளில் மூன்றே வரி: சுவர், கூரை, தரை ஓடு. வேலை முடிவதற்குள் தை மாத முகூர்த்தம் வந்துவிட்டது. காண்ட்ராக்டருக்காக முகூர்த்தம் காத்திருக்காது; பூச்சு காயாத சுவர்களுக்கு நடுவே, புதிதாக ஓடு பதித்த தரையில் பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்த பால் வீட்டுக்குள் பார்த்து ஓடியது. "மகாலட்சுமி உள்ள வராங்கக்கா!" என்று முதலில் கத்தியவர் சபாபதிதான்.

அடுத்த மழையில் அதே வழியாகத் தண்ணீரும் உள்ளே வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு கோலூன்றி நடக்கும் கணவர் மகேஸ்வரன், அந்த ஈரத்தைக் கடந்துதான் குளியலறைக்குப் போக வேண்டும். ஒருமுறை வழுக்கி, ஐஸ்பெட்டியைப் பிடித்துத் தப்பினார். மறுநாளே யோகேஸ்வரி நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார்.

விசாரணைக்கு முன் பேசிப் பார்க்கலாம் என்று சபாபதி வந்தார்.

"பின்னால லோங்காங் அடைச்சிருக்குக்கா, அதான் தண்ணி ஏறுது. சாக்கடை வேலை தாள்ல இல்ல. அதுவுமில்லாம பால் காய்ச்சிட்டீங்க. பால் காய்ச்சினா வேலை முடிஞ்ச மாதிரிதானே லா?"

யோகேஸ்வரி கைப்பேசியில் விழா வீடியோவைப் போட்டார்.

"இது யாரு சத்தம் தம்பி?"

"என்னுதுதான்."

"பால் எந்தப் பக்கம் ஓடுது?"

"உள்ள."

"அன்னிக்கு மழையும் இல்ல, லோங்காங்கும் நிறையல. தரைதான் உள்பக்கம் சரிஞ்சிருக்கு. தரை ஓடு தாள்ல இருக்கா, இல்லியா?"

"அலமாக்" என்றார் சபாபதி, மாட்டிக்கொண்டவர் போல மெதுவாக.

எதிர்ப்பு வேறு பக்கமிருந்து வந்தது. "நல்ல சகுனம்னு எல்லாரும் சொன்னாங்க. அதப் போயி உடைக்கணுமா?" என்றார் மகேஸ்வரன். வழுக்கியவர் அவர்தான்.

"மகாலட்சுமிக்கு முன்வாசல் இருக்குங்க. திருடன் மாதிரி அவங்க எதுக்குப் பின்னால வரணும்?"

சாக்கடை வேலை தாளில் இல்லை என்பதை யோகேஸ்வரி ஒப்புக்கொண்டார். அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது சபாபதிக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. ஆனாலும் அடுத்த வாரம் ஆட்களோடு வந்து ஓடுகளைப் பெயர்த்து, வாட்டம் வெளிப்பக்கமாக வைத்து மறுபடி பதித்தார். சிமெண்டு இறுகிய பிறகு, வேலை முடிந்ததென்று எழுதிய தாளை நீட்டினார்.

"இன்னொரு தடவ பால் காய்ச்சணுமாக்கா?"

யோகேஸ்வரி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார். அது முழுதும் வெளியே போகும்வரை நின்று பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.