கல்லு போட்டாச்சா?

மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கண்ணும் கையும் காலும் சரியாக இருந்தால் போதும் என்பார்கள். நினைப்பு என்று நாலாவதாக ஒன்று வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஓர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று சுவரைப் பார்த்து நிற்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே வண்டி.

பின்னால் போன ஜீப்

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கும், அங்கிருந்து உள்ளே காப்பித் தோட்டங்களுக்கும் ஆள் ஏற்றிப் போவேன். என் ஜீப்பில் பேட்டரி சவலை. இன்ஜினை அணைத்தால் திரும்ப உயிர் வராது. அதனால் ஏற்றத்தில் நிறுத்தினாலும் நியூட்ரலில் உறுமவிட்டு, இறங்கியதும் பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் சும்மா அழகுக்கு. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற எல்லாருக்கும் கல் வைப்பது மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி.

அன்று சந்தை நாள். தாண்டிக்குடிக்குக் கீழே டீக்கடை ஏற்றத்தில், மேலே கட்டியிருந்த மூட்டையை அவிழ்க்க இறங்கினேன். எதிரே ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். என்ன சத்தம் அது, ஃபேன் பெல்ட்டா? போய்க் குனிந்துவிட்டேன். கூச்சல் கேட்டுத் திரும்பினால், என் ஜீப் ஆட்களோடு பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. நல்லவேளை, மண்மேட்டுப் பக்கம் சாய்ந்து முட்டி நின்றது. மறுபக்கம் திரும்பியிருந்தால் பள்ளம்.

ஜீப்பின் முதலாளி, "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிருய்யா" என்றார். அது கூட அவ்வளவு தைக்கவில்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காப்பிப்பழம் பறிக்கிற பொன்னம்மாக்கா, அன்று வண்டியிலிருந்து இறங்கி, சிதறிய தேங்காய்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கப்பல்ல ஒருதரம் திருப்பி அனுப்புனாங்க தம்பி. நீ ரெண்டாந்தரம் அனுப்பப் பாத்தியே!"

பேர் இருக்கிற சீக்கு

தோட்டம் வாங்கியிருந்த ஒரு மதுரை டாக்டர் முன்சீட்டில் வருவார். மனநல டாக்டர். ஒருநாள் அவரிடம் ஒரு கதை ஆரம்பித்தேன். அது முடிவதற்குள் நாலாவது கதையில் இருந்தேன். நடுவில் இரண்டு கடையில் நிறுத்தி, வாங்க வேண்டியதை வாங்காமல் வந்தேன். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் ஒரு நொடியில் முதுகில் ஓடியது. "ஒருதரம் வந்து காட்டுங்க" என்றார். போனேன். ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். அது பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லையாம், சோம்பேறித்தனமும் இல்லையாம். "ஞாபகத்தத் தலைக்குள்ள வைக்காதீங்க, வெளியில எதுலயாவது மாட்டி வைங்க" என்று அனுப்பினார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இதைத் தெரிந்து என்ன செய்ய? சந்தோஷப்படுவதா, இழந்த வேலைகளையெல்லாம் எண்ணி அழுவதா? ஒன்றும் புரியாமல் ஜீப் ஸ்டாண்டில் மேலும் கீழும் நடந்தேன். பக்கத்து ஜீப் மாயாண்டியிடம் சொன்னேன். அவன் வாயைப் பிளந்தான்: "அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்காண்ணே? நாங்க இம்புட்டு நாளா உங்க பேரையில்ல வச்சிருந்தோம்!"

கண்ணாடியில் ஒட்டியது

வெளியில் மாட்டச் சொன்னாரே என்று ஒரு அட்டையில் பெரிதாகக் 'கல்' என்று எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினேன். முதலில் சில நாள் அற்புதம். பிறகு அந்த அட்டை கண்ணாடியில் பட்ட சேறு மாதிரி ஆகிவிட்டது, இருக்கும், தெரியாது. செல்போனில் அலாரம் வைத்தேன். அடித்தால் அணைப்பேன், எதற்கு அடித்தது என்பது அணைத்ததோடு போய்விடும். உங்களுக்குத் தெரிந்த கதைதானே இது. புதுப் பழக்கம் என்பது நமக்கு விருந்தாளி. வந்த அன்று தடபுடல், அப்புறம் எப்போது கிளம்பிப் போனது என்றே தெரியாது.

அந்த அட்டை வேறு விதத்தில் உபயோகப்பட்டது. பெட்டியோடு வந்த ஒரு வெளியூர்க்காரர் கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, இந்தக் கல்லுங்கிற ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

நாய்க்குட்டி

அடுத்து, மரக்கட்டை ஒன்றை முக்கோணமாக அறுத்து, கயிறு கட்டி, என் காலடியில் போட்டுக்கொண்டேன். இறங்கினால் அது காலை இடறும். இடறினால் எடுத்துச் சக்கரத்துக்கு வைப்பேன். மறுமுனையை ஜீப் கம்பியில் முடிந்தேன். இதில் தப்பே நடக்காது என்று மாயாண்டியிடம் அரைமணி நேரம் விளக்கினேன்.

வைப்பதற்கு வழி செய்தவன், எடுப்பதற்குச் செய்யவில்லை. பண்ணைக்காட்டுக்கு ஒரு வாடகை போனபோது, கடைவீதி முழுக்க ஜனம் என் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் பின்சீட்டிலிருந்த பெரியவர் தோளைத் தட்டினார்: "டிரைவரு, உங்க நாய்க்குட்டி ரொம்ப நேரமா இழுபட்டு வருது. பாவம், தூக்கி உள்ள வைங்க."

முதலாளி வந்த நாள்

கடைசியில் பொன்னம்மாக்காதான் வேலையைக் கையில் எடுத்தார். ஜீப் நின்றதும், "கல்லு போட்டாச்சா?" என்பார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பதில் வராமல் ஒருத்தியும் மூட்டையைத் தொடமாட்டாள். சக்கரத்துக்குக் கல் தவறாமல் விழத் தொடங்கியது. ஆனால் எனக்குள் குடைச்சல். நரைத்த தலையோடு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி பிறர் கேட்டுப் பதில் சொல்கிறேனே, இது என் பழக்கமா, அவர்கள் பழக்கமா? அவர்கள் ஏறாத நாளில் என்ன ஆகும்?

ஒருநாள் முதலாளி முன்சீட்டில் ஏறினார். "நீ ஓட்டுறதப் பாத்துட்டு, வண்டிய உங்கிட்ட விடுறதா வேணாமான்னு சொல்றேன்" என்றார். பின்னால் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அதே டீக்கடை ஏற்றம். நிறுத்தினேன். ஒரு கால் வெளியே போய்விட்டது. கடையில் புது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என்ன ரேடியோ அது? இரண்டாவது காலும் இறங்கிவிட்டது.

பின்னால் சத்தமே இல்லை. கேட்டால் எனக்கு நினைவூட்டல் தேவை என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுமே என்று எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதிதான் என்னைப் பிடித்து இழுத்தது. ஏதோ குறைகிறது. படி என்று கால் வைத்து, படி இல்லாத மாதிரி. என்னையறியாமல், கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நானே கத்தினேன்: "கல்லு போட்டாச்சா?" கத்திக்கொண்டே குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தேன்.

முதலாளி பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, யாருகிட்டக் கேக்குற? கல்லுக்குக் காது கேக்குமா?"

பொன்னம்மாக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "கல்லுக்குக் கேக்குதோ என்னவோங்க மொதலாளி, டிரைவருக்குக் கேட்டுருச்சு."

சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எந்தச் சட்டைப் பையில் என்பதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.