குந்தாரப்பள்ளிச் சந்தையில் ரத்னம்மா சொன்னதும் நான் சொல்லாததும்

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது ரத்னம்மாக்காவின் மகள் சுமாவின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓசூருக்குத் திரும்பும் வண்டியைப் பிடித்தேன். சில மாதங்களாகவே இருதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்தான் ரத்னம்மாக்கா. ஆனாலும் இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டும் வந்தேன்.

எங்கள் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் அவர் செவிலியர். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். தகடு அழுத்தும் இயந்திரங்கள் இடைவிடாமல் இரையும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்குக் காது மந்தமாகி வருவதை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். கைக்காயத்துக்குக் கட்டுப்போட வருபவர்களின் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திரும்பாதவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். நிர்வாகம் அந்த நோட்டைக் கேட்டது. "இது என் நோட்டு இல்ல சார், அவங்க காது" என்று கொடுக்க மறுத்தார். வேலை போயிற்று.

அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அஞ்செட்டியிலிருந்து கல்லாவி வரை ஒரு பழைய வேனில் சுற்றினோம். தெலுங்கு அவருக்கு வீட்டு மொழி. தமிழும் கன்னடமும் அதே வேகத்தில் வரும். பிரசாரம் முழுக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: வெளிநாட்டு முதலாளிகளின் தயவில் ஓட்டுக் கேட்பவர் ஜெயித்தபின் அவர்களுக்குத்தான் பேசுவார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்பு ஒன்றிலிருந்து, பிரசார வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கடிதம் வந்தது. மூன்று மொழிகளில் வீடியோ எடுத்து, தொகுதியில் உள்ள எல்லா போன்களுக்கும் அனுப்பித் தருகிறோம் என்றார்கள். நான் துள்ளிக் குதித்து அக்காவிடம் ஓடினேன்.

"வேணாம் சலீமு."

"அக்கா, இவங்க முதலாளிங்க இல்ல. நம்மள மாதிரி ஆளுங்க. நல்லவங்க."

"நல்லவங்களாவே இருக்கட்டும். சட்டமும் கூடாதுங்குது. அதை வுடு. நாளைக்கு நான் தப்புப் பண்ணா அஞ்செட்டிக்காரன் பஸ் ஏறி வந்து என்னைத் திட்டுவான். இவங்க தப்புப் பண்ணா யாரு போய்த் திட்டறது?"

வீடியோ இல்லாமல் தோற்றுவிடுவோம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லாமல், ஒரே ஒரு கன்னட வீடியோவுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினேன். இரண்டே நாளில் அது கர்நாடக எல்லைக் கிராமங்கள் முழுக்கப் பரவியது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு மாட்டு வியாபாரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கன்னட வீடியோ பார்த்தேம்மா, எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மைக்கை வாங்கினார்.

"அந்த வீடியோ வெளிநாட்டுல இருந்து வந்ததுங்க. எனக்குத் தெரியாம வந்துச்சுன்னாலும் என் பேருல வந்துச்சு. இன்னைக்கே அதை நீக்கிடறோம். அதைப் பார்த்து எனக்குப் போடலாம்னு நெனச்சவங்க, தயவுபண்ணி இன்னொருக்கா யோசிங்க."

மறுநாளே சுவரெங்கும் 'வெளிநாட்டு ஏஜெண்ட்' என்று அவர் படத்துடன் போஸ்டர். மற்ற வேட்பாளர்கள் வெளிநாட்டு முதலாளிகளிடம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த உதவியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நிருபர்கள் "யார் செய்தது?" என்று துருவித் துருவிக் கேட்டார்கள். "என் ஆளுங்க செஞ்சா நான் செஞ்ச மாதிரிதான்" என்று முடித்துக்கொண்டார். டெபாசிட் போயிற்று. மளிகைக் கடையில், பஸ்ஸில், சுமாவின் கல்லூரியில்கூட அந்தப் பட்டம் அவரை விடவில்லை.

ஒருமுறை அழுதுவிட்டேன். "நான்தான் செஞ்சேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிடறேங்க்கா" என்றேன். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. எனக்காகச் சொல்லாத. நீ நிம்மதியாத் தூங்கணுமில்ல, அதுக்காகச் சொல்லு."

வேலை போய்விடுமோ, ஜமாத்தில் என்ன சொல்வார்களோ, பிள்ளைகள் பெரிதாகட்டும் என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இறுதி ஊர்வலத்தில் பிரஸ் ஷாப் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சுமா உரக்க அழுததைக்கூட அவர்களில் சிலர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், "இந்தம்மா வெளிநாட்டுக்காரங்க ஆளுதானே" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை.

அவரை அறிந்தவர்களே, அந்த வீடியோவுக்குச் சம்மதம் சொன்னது ஸ்டோர்ஸ் சலீம். ரத்னம்மா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. கோபம் இருப்பவர்கள் பஸ் ஏறி வந்து என்னைத் திட்டலாம். அந்த ஒரு நியாயத்தைத்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.