போன் கடை அழகிரி கேட்ட தேதி

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் அழகிரி, வந்தவர்கள் பூட்டு எண்ணைப் போடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி என்னங்க வெட்கம்?" என்பார் பக்கத்துக் கடைக்காரர்.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்ப்பீங்களா? இதுவும் வீடுதாங்க."

ஸ்ரீரங்கத்து வேதவதி அவரிடம் வந்தது, கணவர் கோபு இறந்து மூன்று மாதம் கழித்து. கோபு சேவித்த பாசுரங்கள் அவர் குரலிலேயே அந்தப் போனுக்குள் இருந்தன. பிறந்த தேதிதான் எண் என்று சொல்லியிருந்தார். முன்னும் பின்னுமாக எட்டு முறை போட்டும் திறக்கவில்லை. பத்தாவது முறையும் தவறினால் எல்லாம் அழிந்துவிடும்.

"உடைச்சாவது திறந்துடுங்கோளேன்."

"உடைச்சா உள்ள இருக்கிறதும் போயிடும்மா. என்ன தேதி போட்டீங்க?"

"ஆதார்ல இருக்கறது."

அழகிரி சிரித்தார். "எனக்கும் ஆதார்ல ஜூன் மாசம்தாங்க. ஸ்கூல்ல சேர்க்கிறப்ப வாத்தியாரா எழுதிக்கிட்டது. சார் நிஜமா பொறந்தது என்னைக்கு?"

வேதவதிக்குத் தெரிந்தது ஆவணித் திருவோணம் மட்டுமே. வீட்டில் நட்சத்திரம் பார்த்துத்தான் பாயசம் வைப்பார்கள். அன்று மாலை பீரோவைக் குடைந்து ஜாதகத்தை எடுத்தாள்; அதில் ஆங்கிலத் தேதியும் எழுதியிருந்தது. மறுநாள் காலையில் கடையில் நின்றாள்.

ஒன்பதாவது முறை திறந்தது. கோபு தொண்டையைச் செருமிக்கொண்டு பாசுரத்தைத் தொடங்கினார்.

"நான் வெளில நிக்கிறேம்மா" என்று அழகிரி எழுந்தார்.

"வேண்டாம், உட்காருங்கோ. நீங்களும் கேக்கணும்" என்று வேதவதி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.