கொலைகாரன் நான்தான்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளைப் பவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. கண்ணைச் சோதித்து என்ன பவர் என்று சொல்வதும், மூக்கில் நிற்காமல் வழுக்கும் ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. வீட்டுக்குப் போனால் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. அடுப்படி ஒழிந்ததும் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து துப்பறியும் கதை எழுதுவாள். கடையில் இது யாருக்கும் தெரியாது. சொன்னால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

ஒருவழியாக நாவல் முடிந்தது. ஒரு வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருந்தவர் திடீரென்று காணாமல் போகிறார். துணிமணி இல்லை, பெட்டி இல்லை, ஆனால் கட்டிலோரம் ஒரு டம்ளர் தண்ணீரில் அவருடைய பல்செட் மட்டும் கிடக்கிறது. கதை இங்கேதான் தொடங்குகிறது. சின்னப் பதிப்பகம் ஒன்று அதை அச்சிட்டது. அவள் பங்குக்கு வந்த புத்தகக் கட்டுகள், அவள் கணவன் பழுது பார்க்கக் கொண்டுவந்து வைத்திருந்த ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் இடம் பிடித்தன. அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை.

"புத்தகம் போடுறது என் வேலைங்க," என்றார் பதிப்பாளர் போனில். "ஆளைக் கூட்டிட்டு வர்றது இப்பல்லாம் எழுதுறவங்க வேலையாயிடுச்சு. ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் ஆரம்பிங்க. தினமும் ஏதாவது போடுங்க."

ஆரம்பித்தாள். தினமும் காலையில் அட்டைப்படத்தைப் போட்டு, 'வாங்கிப் படியுங்கள்' என்று எழுதினாள். ஒரு நாள் பக்கத்தில் பூவை வைத்துப் படமெடுத்தாள், மறுநாள் பூவை எடுத்துவிட்டு எடுத்தாள். கிணற்றில் போட்ட கல்லாக எல்லாம் கிடந்தன. கணவன் ஒரு லைக் போட்டான், நாத்தனார் ஒன்று போட்டாள், கொசுவலை விற்கும் கம்பெனி ஒன்றும் என்ன நினைத்ததோ, ஒரு லைக் போட்டது.

நாத்தனார் கீழ்வீட்டில் குடியிருந்தாள். போனில் வரும் புகார்களைக் கேட்டுச் சமாதானம் சொல்கிற அலுவலகத்தில் வேலை. நாளெல்லாம் கோபக்காரர்களோடு பேசிப் பேசி அவளுக்கு ஒளித்துப் பேசும் பழக்கமே போய்விட்டது. ஒரு சாயங்காலம் டீயோடு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. காலையில உங்க பக்கத்தைப் பாத்தா ரயில் ஸ்டேஷன் அறிவிப்பு கேக்குற மாதிரி இருக்கு."

"ஏன், அட்டைப்படம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதையே எத்தனை தடவை பாக்குறது? கடைக்கு வர்றவங்ககிட்ட, கண்ணாடி வாங்குங்க, கண்ணாடி வாங்குங்கன்னா சொல்லிட்டிருப்பீங்க?"

"சேச்சே. எது சரியாத் தெரியலன்னு கேப்பேன். உக்கார வெச்சு நாலு வரி படிக்கச் சொல்வேன்."

"அப்ப இங்கயும் நாலு வரி படிக்கச் சொல்லுங்களேன்."

நாத்தனார் பேச்சுவாக்கில் சொன்னாள். பவரக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கிட்டத்தில் வைத்துப் படிக்க முடிகிறதா என்று சோதிக்கக் கடையில் ஒரு அட்டை உண்டு. மேலே பெரிய எழுத்து, இறங்க இறங்கச் சின்னதாகி, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். வானம் தெளிவாக உள்ளது, பறவைகள் பறக்கின்றன என்று உயிரில்லாத வாக்கியங்கள். அதே அளவுகளில் தன் நாவலின் முதல் பத்தியை அச்செடுத்து, மறுநாள் முதலாளியிடம் காட்டினாள். அவர் கையை நீட்டி அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார், அட்டையை ஒரு தடவை பார்த்தார். "இதுல கொலை வருதா?"

"வருது."

"நம்ம கடை வருதா?"

"வராது சார்."

"அப்ப வெச்சுக்கோங்க."

அன்று முதலில் வந்தது ஒரு தையல்காரப் பெண்மணி. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்தவர். சோதனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு லென்ஸாக மாற்ற மாற்ற ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். பல்செட் கிடந்த கடைசி வரிக்கு வந்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளைத்தாள்.

"அப்புறம்?"

"அட்டை அவ்வளவுதாங்க."

"இதென்னங்க அநியாயமா இருக்கு. பல்லைக் கழட்டி வெச்சுட்டு மனுஷன் எங்க போனாரு?"

பவரக்கா கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். தன்னைத் தெரியாத ஒருவர் தன் கதையைப் பார்த்து 'அப்புறம்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. டிபன் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை அந்த அட்டையைக் கடையிலேயே வைத்துப் படமெடுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். 'கண்ணாடி இல்லாமல் கடைசி வரியைப் படிக்க முடிகிறதா? படித்தவர்கள் சொல்லுங்கள், பல்செட்டை விட்டுவிட்டு ஒரு மனிதர் எங்கே போயிருப்பார்?' என்று மட்டும் எழுதினாள். வாங்குங்கள் என்ற சொல்லே இல்லை.

பதில்கள் வந்து விழுந்தன. 'அன்றைக்கு வீட்டில் கஞ்சி போல, பல் தேவைப்பட்டிருக்காது' என்றார் ஒருவர். 'கடன்காரனுக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று கழற்றியிருப்பார்' என்றார் இன்னொருவர். 'என் மாமனார் பல்செட் இல்லாமல் வாசல்கூடத் தாண்ட மாட்டார், இது கண்டிப்பாகக் கொலைதான்' என்று ஒரு மருமகள் அடித்துச் சொன்னாள். கடைசி வரியைத் தன்னால் படிக்க முடியவில்லை, நாளைக்குக் கடைக்கு வரலாமா என்று ஒருவர் கேட்டதும், கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு இலக்கியத்தில் திடீர் ஆர்வம் பிறந்தது.

பவரக்கா ஒருவர் விடாமல் பதில் எழுதினாள். கடையில் வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுவாளோ அப்படியே. மருமகளிடம் மாமனாரை விசாரித்தாள். இப்படித்தான் வாரம் ஒரு கேள்வி என்று பழக்கமானது. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரலையில் ஒரு அத்தியாயம் வாசிக்கத் துணிந்தாள். படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ் இருமிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, விஷயம் தெரியாமல் கணவன் இடுப்பில் துண்டோடு குறுக்கே நடந்து போனான். 'இப்போது போனவர்தான் கொலைகாரரா?' என்று கீழே ஒரு கேள்வி வந்தது. அவன் இரண்டு நாள் வெளியே தலைகாட்டக் கூச்சப்பட்டான். ஆனால் அந்த வாரம்தான் பதிப்பாளர் போன் செய்து, கடைகளில் புத்தகம் தீர்ந்துபோய்க் கேட்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் வந்தது வினை. கடைக்குள் நுழையும்போது ஒரு தடவை போனைப் பார்த்தாள். பல்செட் படத்துக்குக் கீழே, முன்பின் தெரியாத ஒருவர் கொலைகாரன் யார் என்று பச்சையாக எழுதி வைத்திருந்தார். சரியாகவும் எழுதியிருந்தார். யாரென்று இங்கேயும் சொல்வதற்கில்லை.

அவள் அதை மறுபடியும் படித்தாள். நீக்கலாம் என்றால் எங்கே தொடுவது என்று பதற்றத்தில் தெரியவில்லை. அதற்குள் முதலாளி கூப்பிட்டார். ஒரு குடும்பமே சோதனைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. கடை விதிப்படி போன் மேஜை டிராயருக்குள் போயிற்று. காலை முழுக்க வாய் எழுத்துகளைப் படிக்கச் சொன்னாலும் மனம் டிராயருக்குள்ளேயே இருந்தது. ஆண்டுக்கணக்கில் கட்டிய முடிச்சை ஒருத்தர் ஒரே வரியில் அவிழ்த்துவிட்டாரே என்ற நினைப்புதான்.

சாப்பாட்டு வேளையில் நாத்தனாரை அழைத்தாள். எடுத்ததுமே அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"சிரிக்காதே. என் பொழைப்பே போச்சு, நீ வேற."

"ஒண்ணும் போகல அண்ணி. மொதல்ல உங்க பக்கத்தைத் திறந்து பாருங்க."

திறந்தாள். அந்த மனிதர் எழுதியதற்குக் கீழே அந்த மருமகள், 'பொய். கொலைகாரர் என் மாமனார்தான், எனக்கு அப்போதே சந்தேகம்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒருவர், 'மன்னிக்கவும், கொலைகாரன் நான்தான். சரணடைகிறேன்' என்றிருந்தார். பிறகு வரிசையாக நான்தான், இல்லை நான்தான் என்று ஆளாளுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர், பால்காரர், பல் டாக்டர், பதிப்பாளர் என்று ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. இடுப்பில் துண்டோடு போனவர்தான் என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். புதிதாக வருபவருக்கு அந்தக் கும்பலில் உண்மை எது என்று பிரம்மா வந்தாலும் எடுத்துச் சொல்ல முடியாது.

பவரக்கா டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. அவள் யாரிடமும் உதவி கேட்கவில்லை. அவர்கள் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை.

உண்மையை எழுதியவர் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'மன்னித்துவிடுங்கள். கெடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. பாதிக் கதையிலேயே கண்டுபிடித்துவிட்டேன், வீட்டில் யாரும் நம்பவில்லை. அந்தப் பெருமையில் போட்டுவிட்டேன். நீக்கிவிடட்டுமா?'

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் எழுதினாள். 'வேண்டாம். இப்போது எடுத்தால்தான் அது உண்மை என்று தெரிந்துவிடும். எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்?'

அவர் இடத்தைச் சொன்னார். ஒரு பாத்திரம் தேவையில்லாமல் இரண்டு தடவை கை கழுவுகிறதாம். அவளே கவனிக்காத ஓட்டை அது. அடுத்த கதையை அச்சுக்குப் போகுமுன் அவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு, நூலகத்து மேல்மாடியில் வாசகர்கள் ஒருநாள் கூடினார்கள். தையல்காரப் பெண்மணி தன் புதுக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்தார். மருமகள் மாமனாரையே கையோடு கூட்டி வந்திருந்தாள். அவர் சந்தேகத்துக்குரிய நபராக எல்லோரிடமும் வாய்நிறையச் சிரித்துப் பேசினார். கணவன் நாற்காலிகளை எடுத்துப் போட்டான், இந்தத் தடவை சட்டை போட்டுக்கொண்டு. ஒரு நர்ஸ் எழுந்து, தன் வார்டில் நோயாளிகளுக்குத் தினம் கொஞ்சம் வாசித்துக் காட்டுவதாகவும், ஒருவர் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், முடிவு தெரியாமல் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னாள். பவரக்காவுக்குப் பேச எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கே கைதட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் தன் பக்கத்தில் ஒரு செய்தி போட்டாள். புதுக் கதை ஒன்று மனதில் ஓடுகிறது, அதனால் இனிமேல் ஞாயிறு மட்டும்தான் இந்தப் பக்கம் வருவேன், மற்ற நாள் பதில் வராவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்துகொண்டே காத்திருந்தாள்.

'இங்கே என்ன பேச்சு? போய் எழுதுங்கள்,' என்று முதல் பதில் வந்தது. பின்னாலேயே இன்னும் பத்துப்பேர் அதையே சொன்னார்கள்.

அவள் போனை அணைத்து அலமாரியில் வைத்தாள். மேஜை ஓரத்தைத் துடைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முன்னறையில் கணவன் சுத்தியலை வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் இரைச்சல் அவளுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினான்.