மியூட் மாமாவும் இடது வண்டியும்

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் பாதியை ஒரு லிஃப்டுக்குள் கழித்தவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்ட். ஓரத்தில் ஒரு ஸ்டூல், பொத்தான் பலகை, தலைக்கு மேலே ஓயாமல் உறுமும் மோட்டார். அந்த உறுமலில்தான் அவருடைய காது பாதி போனது. இப்போது நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். கல்யாணமான புதிதிலும் அப்படித்தான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

கதவு மூடும் நேரத்தில் யாராவது ஓடி வந்தால் வலது காலை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொள்வார். டாக்டர் வந்தாலும் சரி, பெருக்குகிற அம்மா வந்தாலும் சரி, கால் நீளும். கதவு வந்து இடித்து இடித்து வலது ஷூவின் பக்கவாட்டுத் தோல் மட்டும் கிழிந்துபோகும். ஒற்றைக் கால் ஷூ எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டு நான் சண்டை போட்டிருக்கிறேன். "உள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம் லேட் ஆகும். வெளிய இருக்கிறவங்களுக்கு என்ன அவசரமோ" என்பார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் பேச முடியாது.

பிறகு தானாகவே மூடித் திறக்கும் லிஃப்டை வைத்து, ஒரு சால்வையைப் போர்த்தி இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. நான் சமையலறைக்குள் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அதிலிருந்து எதுவும் வேண்டியிருக்காது. கரண்ட் பில்லை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபைக்காரர்கள் குழந்தைகளுக்கு ஆன்லைனில் ரோபோ வகுப்பு ஆரம்பித்தார்கள். சேர்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். மோட்டார், சக்கரம், வயர், பேட்டரி, சின்னதாக ஒரு சர்க்யூட் பலகை எல்லாம் அதில் இருக்கும். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அடுத்த பிள்ளைகளுக்கு வேண்டுமே. சொல்லிக்கொடுப்பவர் ஒரு இன்ஜினியர் டீச்சர். முதலில் ஜெபம், பிறகு வயர்.

சபையில் ஒரு விதி உண்டு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, இன்னொரு பெரியவரும் கூடவே இருக்க வேண்டும். ஆன்லைன் வகுப்புக்கும் அதே விதிதான். அந்த இன்னொரு பெரியவராக இவரைப் பிடித்துப் போட்டார்கள். வருகிற பிள்ளைகளின் பெயர் திரையோரத்தில் காத்திருப்பு அறை என்ற இடத்தில் வந்து நிற்கும், பார்த்து வகுப்புக்குள் விட வேண்டும். யார் வீட்டிலாவது மிக்ஸி ஓடினால் மியூட் பண்ண வேண்டும். தான் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

"ரோபோவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரிய வேணாமாம். சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதுமாம்."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு."

சனிக்கிழமை காலையானால் போதும், மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே முட்டி வெளுத்த பைஜாமா. படுக்கையறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஹெட்போன் போட்டால் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். வீட்டில் எனக்காக ஒருநாளும் அதைப் போட்டதில்லை. பிள்ளைகள் அவருக்கு மியூட் மாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே வரும்போதே "குட் மார்னிங் மியூட் மாமா" என்பார்கள். இவர் பேசக் கூடாதே, கையை மட்டும் ஆட்டுவார். உச்சி குளிர்ந்துபோயிருக்கும்.

டீச்சர் நல்ல பெண். "நாம செய்யுற எல்லாத்துக்கும் முதல் மாதிரியைக் கடவுள் ஏற்கனவே செஞ்சு வச்சிருக்காரு. உங்க முழங்கையை மடக்கிப் பாருங்க, கதவுக் கீல் எப்படி வேலை செய்யுதுன்னு புரியும்" என்பாள். பிள்ளைகள் எல்லாரும் முழங்கையை மடக்கிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரும் மடக்கிப் பார்ப்பார். துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் நானும் ஒருநாள் மடக்கிப் பார்த்தேன், யாருக்கும் தெரியாமல்.

ஜெபத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லலாம். பரீட்சை, காய்ச்சல், தம்பி அடிக்காமல் இருக்க வேண்டும், இப்படி வரும். ஒரு சின்னப் பெண் மட்டும் வாராவாரம் ஒன்றையே கேட்பாள். "என் வண்டி நேராப் போகணும்."

அவளை நாங்கள் வண்டிக்காரி என்போம். அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மா வீட்டிலேயே துணி இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். வண்டிக்காரியின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் துணி மலை. இவள் செய்த வண்டி கிளம்பும், நாலு அடி போகும், பிறகு இடது பக்கம் திரும்பி அந்தத் துணி மலைக்குள் போய் முட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதற்கு இடது வண்டி என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மறுவாரமும் அதையேதான் கேட்டாள்.

டீச்சர் பார்க்காத வழியில்லை. வயரை மாற்றச் சொன்னாள், சக்கரத்தை மாற்றச் சொன்னாள். வலது மோட்டாரின் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள், வண்டி அப்படியே நின்றுவிட்டது. "நான் அங்க இருந்தா கையில எடுத்துப் பாத்துடுவேன்டா கண்ணா. இங்க இருந்துக்கிட்டு என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் அந்த வண்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது முதலில் வண்டி, பிறகுதான் என் மூட்டுவலி.

"என் முழங்காலுக்கு முன்னாடி அந்தப் புள்ள வண்டி போகுதே" என்றேன்.

"உனக்கு மாத்திரை இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

சோறு ஆறும்வரை ஜெபம் நீளும். ஆறிய சோற்றைத் தின்றபடி நானும் அந்த வண்டி சீக்கிரம் நேராகப் போய்த் தொலையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

இடையில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. காத்திருப்பு அறையில் தெரியாத பெயர் ஒன்று வந்து நின்றது. யாரோ பிள்ளையின் அப்பாவாக இருக்கும், பாவம், காக்க வைக்கக் கூடாது என்று இவர் உள்ளே விட்டுவிட்டார். லிஃப்டில் இருந்த அதே மனுஷன்தானே. வந்தவன் பிள்ளைகள் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது காது கூசும் கெட்ட வார்த்தைகளைக் கத்தி, திரையில் ஏதோ அசிங்கத்தைக் காட்டினான். டீச்சர் சட்டென்று வகுப்பையே மூடிவிட்டாள். ஆனாலும் பார்த்த பிள்ளைகள் பார்த்ததுதான். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

சபையில் இதற்கெல்லாம் பொறுப்பாளராக இருப்பவர் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஐயா, உங்க மனசு எங்களுக்குத் தெரியும். இனிமே பதிவு பண்ணின பேரு இல்லைன்னா விடாதீங்க. யாரா இருந்தாலும் விடாதீங்க" என்றார். நான் போகிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றார் இவர். அவர் கேட்கவில்லை. அன்று இவர் சாப்பிடவில்லை. ஜெபமும் செய்யவில்லை. வலது காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனார். பெயர் ஒரு எழுத்து பிசகினாலும் டீச்சருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் விடுவார். எனக்கு அதில் நிம்மதிதான். இந்த வயதில் இன்னொரு அவமானத்தை அவர் தாங்க மாட்டார் என்று பட்டது.

கடைசி வகுப்பு வந்தது. பிள்ளைகள் தாங்கள் செய்ததை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டும் நாள். சபைப் பெரியவர்கள், மற்ற பெற்றோர் எல்லாரும் பார்க்க வந்திருந்தார்கள். வண்டிக்காரி போன வாரமே வரவில்லை. அன்றைக்கும் அவளைக் காணோம். இவர் நிமிஷத்துக்கு ஒருமுறை காத்திருப்பு அறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பையனின் கிரேன் பென்சிலைத் தூக்கியது. ஒருத்தியின் பொம்மை கையைத் தட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். இவர் கைதட்டிக்கொண்டே அவள் பெயரைத் தேடினார்.

அப்போது ஒரு பெயர் வந்து நின்றது. பெயரா அது, எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு போனின் மாடல். இவர் முகம் இறுகிப்போனது. டீச்சர் ஒரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள், கேட்க நேரமில்லை. வெளியேற்று என்ற பொத்தானை அழுத்தினார். அது திரும்ப வந்தது. திரும்ப அழுத்தினார். மறுபடியும் வந்தது. இனி வரவே முடியாதபடி தடுத்து வைக்க ஒரு வழி உண்டாம், அதையும் செய்துவிட்டார்.

வகுப்பு முடிந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இன்னைக்கும் ஒருத்தன் வந்தான். விடலையே" என்றார். பிறகு, "பாவம், வண்டிக்காரிதான் வரவே இல்ல" என்றார்.

மறுவாரம் பொறுப்பாளர் போன் செய்தார். இவருக்குக் கேட்காது என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரியின் அம்மா எழுதியிருக்கிறாளாம். அவர்கள் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது. அம்மாவின் பழைய போனில் வகுப்பு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனைக் கேட்டு வாங்கி, அதில் வகுப்புக்கு வந்தார்களாம். ரொம்ப நேரம் முயன்றும் உள்ளே வர முடியவில்லை. பரவாயில்லை, நெட் சரியில்லை போலிருக்கிறது, டீச்சருக்கும் எல்லாருக்கும் நன்றி என்று எழுதியிருக்கிறாள்.

"வண்டி?" என்று இவர் உரக்கக் கேட்டார். "வண்டி என்னாச்சாம்?"

"நேராப் போயிடுச்சாம் ஐயா. சக்கரத்துக்கு உள்பக்கம், அச்சுல துணி நூலு சுத்திக்கிட்டு இருந்திருக்கு. அந்தப் புள்ளையே கண்டுபிடிச்சு ஊசியால எடுத்திருக்கு."

இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் போனை அவர் வாயருகே பிடித்தேன்.

"அந்தப் புள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும். நம்பரு குடுங்க."

"அது முடியாதுங்க. வகுப்புக்கு வெளிய பிள்ளைங்ககிட்ட யாரும் பேசக் கூடாது. உங்களை மாதிரி ஆளுக்காகப் போட்ட விதி இல்ல அது. ஆனா எல்லாருக்கும் ஒரே விதிதானே."

"அப்ப இன்னொரு நாளு வகுப்பு வச்சு, அவ மட்டும் ஓட்டிக் காட்டட்டும். அஞ்சு நிமிஷம் போதும்."

"பெட்டி திரும்பி வந்துடுச்சு ஐயா. வண்டியைக் கழட்டித்தான் அனுப்பியிருக்காங்க. கம்ப்யூட்டரும் இல்ல, அதனால அடுத்த வகுப்புல சேரலைன்னு எழுதியிருக்காங்க."

அந்தப் பொறுப்பாளர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. யாரைத் திட்டுவது? அசிங்கத்தைக் காட்டிய அந்தப் படுபாவியை மட்டும் வாயாரச் சபித்தேன். சபை விதிப்படி அதுவும் கூடாது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கக் கண்ணை மூடியவர் ஒன்றும் சொல்லாமல் திறந்துவிட்டார். "கேட்டதை அவர் குடுத்துட்டாரு. அதை யாரும் பாக்க விடாம நான்தான் கதவைச் சாத்திட்டேன்" என்றார். சோறு சூடாக இருந்தது, இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து டீச்சர் என் போனுக்கு ஒரு வீடியோவை அனுப்பினாள். வண்டிக்காரியின் அம்மா கடைசி வகுப்பு நாளன்றே தன் பழைய போனில் எடுத்து, சபைக்கு அனுப்பியதாம். மாமா பார்க்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். நான் ஓடிப்போய் இவரை எழுப்பினேன். இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

துணி மலையை ஒதுக்கி வழி விட்டிருந்தார்கள். வண்டி கிளம்பியது. கோடு போட்ட மாதிரி நேராகப் போய், சுவரோரம் சாத்தி வைத்திருந்த பக்கத்து வீட்டுப் போனுக்கு முன்னால் நின்றது. இவர் "போகுது பாரு, போகுது பாரு" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

எனக்குத்தான் காது கேட்குமே. அந்தப் போனின் திரை வெறுமையாக, காத்திருக்கவும் என்ற ஒரு வரியோடு இருந்தது. "நமக்கு நேரமாச்சுடி, திறக்க மாட்டாங்க போல" என்றாள் அம்மா. "இரும்மா, கதவுல மியூட் மாமாதான் இருப்பாரு. அவரு நம்மள விடாம இருக்க மாட்டாரு" என்றாள் அந்தப் பெண். வண்டியைத் திரும்பக் கிளம்பிய இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வீடியோ முடிந்தது.

"என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"வண்டி நேராப் போகுதுன்னு சொல்றா."

"என் பேரு வந்த மாதிரி இருந்துச்சே."

"அதெல்லாம் இல்லீங்க. படுங்க, போங்க."

அவர் படுக்கவில்லை. "இரு, நல்லாக் கேக்கிறேன்" என்று எழுந்து மேசைக்குப் போய் ஹெட்போனை எடுத்துவந்தார். போனைக் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பிய நேரம், அது போய் நின்ற நேரம், எல்லாம் எனக்கு மனதுக்குள் ஓடியது. அந்தப் பெண் பேசும் இடம் வந்திருக்கும். தரையில் அவருடைய வலது கால் முன்னால் நீண்டது. அங்கே கதவு ஒன்றும் இல்லை. வீடியோ முடிந்த பிறகும் அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.