தை மாதக் கடலுக்குக் கனடாக் குளிருடுப்பு

கடலடியில் பவளப்பாறைகளைப் பார்த்துக் கணக்கெடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு சொறி, அதுதான் ஜெலிமீன், என் கழுத்தைத் தடவிவிட்டுப் போனது. முகம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்க, எங்கள் குழுத் தலைவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்கு ஓடினார். இன்னொருமுறை பட்டால் ஆபத்து என்றார் டொக்டர். வீட்டில் உள்ளூரச் சந்தோஷம். இனிக் கடல் இல்லை, கல்யாணம்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

நானோ நோர்வேச் சித்தப்பாவை அரித்தெடுத்து உடம்பை முழுக்க மூடுகிற சுழியோடி உடுப்பு, ஒரு ட்ரை சூட் வாங்கிவிட்டேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் றப்பர் இறுக்கிப் பிடிக்கும். தண்ணீரும் உள்ளே வராது, சொறியும் கிட்டவராது. தலைவர் சூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மணித்தியாலம் கீழை இருந்திட்டு வாரும். உள்ளுக்கை ஈரம் கண்டால் ஒழுகுது எண்டுதான் எடுப்பன். பிறகு நீர் வள்ளத்திலை இருந்து குறிப்பெழுதும்."

வள்ளத்தில் இருந்து குறிப்பெழுதுவதை விடக் கல்யாணம் எவ்வளவோ மேல்.

சித்தப்பா சூட்டுக்குள் போட மெத்தை மாதிரி ஓர் உள்ளுடுப்பும் அனுப்பியிருந்தார். நோர்வேக் கடலுக்கு அது சரி. எங்கள் தை மாதக் கடல் அப்படியெல்லாம் குளிராது, நெடுநேரம் கிடந்தால்தான் மெல்ல நடுக்கும். சிப்பை இழுத்துப் பூட்டும்போதே நான் அவிந்துபோனேன். ஒரு மணித்தியாலம் கழித்து மேலே வந்து கழற்றினால், மெத்தையைப் பிழியப் பிழியத் தண்ணீர்.

"ஒழுகுது," என்றார் தலைவர்.

"வேர்வை சேர்."

"எப்பிடித் தெரியும்?"

"நக்கிப் பாருங்கோ."

வள்ளக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டும் உப்புத்தானே! தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இன்னும் ஒரே ஒரு தரம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டினேன். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று அம்மா, அப்பாவின் பெனியனை நீட்டினா. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும், பிறகு அதுவே குளிரும். தொளதொள உடுப்பும் சரிவராது. ஆழத்தில் சூட் அமுங்கும்போது மடிப்பெல்லாம் தோலைக் கிள்ளும். மெல்லியதாக, உடம்போடு ஒட்டி, வேர்வையைத் தோலில் தங்கவிடாத துணி வேண்டும். அதை யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கேட்பது?

கடையில் கேட்க வேண்டாம், வீடுகளில் கேட்கலாம். மார்கழியில் கனடாவிலிருந்து வருகிறவர்கள் சட்டைக்கு உள்ளே போடும் குளிருடுப்போடு வந்திறங்கி, வேர்த்து விறுவிறுத்துக் கழற்றி எறிந்துவிட்டுப் போவார்கள். நீர்வேலிப் பெரியம்மா வீட்டில், அவவின் மகன், கனடா அண்ணை விட்டுப்போன மெல்லிய குளிருடுப்புச் சோடி ஒன்று பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருந்தது.

"கடலுக்கையோ? உது பனிக்கை போடுறதெல்லே!"

"பனியும் தண்ணிதானே பெரியம்மா."

அடுத்த நாள் அதைப் போட்டு இறங்கினேன். அவிச்சலும் இல்லை, நடுக்கமும் இல்லை. மீன்களுக்குக் கைகாட்டாத குறை. ஒரு மணித்தியாலம் முடிந்து வள்ளத்தில் ஏறிச் சூட்டைக் கழற்றியதும் தலைவர் சட்டென்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். முதல்நாள் மெத்தை உள்ளுடுப்பைப் பிழிந்து பார்த்த மனிதர், இன்று ஒரு பெண்ணின் உடம்போடு ஒட்டின குளிருடுப்பைக் கண்டு கூசிப்போனார்.

"வடிவாப் பாருங்கோ சேர். பிறகு ஒழுகினது எண்டு சொல்லக்கூடாது."

"காய்ஞ்சுதான் இருக்கும். மேலுக்கு ஏதாவது போடும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இடுப்புக்கு மேலே, முதுகில், உள்ளங்கை அளவு ஈரம் இருந்தது. வேர்வைதான். அப்படித்தான் இருக்கும். பார்க்காத மனிதருக்கு நான் ஏன் சொல்லவேண்டும்?

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்டைக்கு ஆசுப்பத்திரி வாசலிலை உம்மடை அம்மாவுக்கு நான்தான் பதில் சொன்னனான். திருப்பி என்னாலை ஏலாது, பிள்ளை."

வெட்கமாக இருந்தது. பெரிய துவாயைச் சுற்றிக்கொண்டு, "சேர், முதுகிலை கொஞ்சம் ஈரம் இருக்கு," என்றேன்.

அவர் திரும்பினார். வள்ளக்காரரும் சேர, கழுத்தையும் கைகளையும் கட்டிச் சூட்டுக்குள் காற்றடித்து, வள்ளத்தோரம் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தோம். முதல்நாளே செய்திருக்கலாம், ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைவர் குனிந்து ஒவ்வொரு பொருத்தாகத் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

நாளைக்கு இறங்குகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டு, அவர் சூட்டின் கழுத்து றப்பரை இன்னும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை.